நீர்வழியை வனைந்தவர் யார்?

குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது சைவ சித்தாந்தம். இல்லது தோன்றாது, குடம் மண்ணுக்குள் முன்பே நுண்ணிலையில் உள்ளது என்னும் சற்காரியவாதம் அதனோடு சேர்ந்தே வருவது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு நூற்பாக்களில் உலகத் தோற்றத்துக்கு நிலைநாட்டிய இக்கொள்கையை, நொய்யற்கரைப் பேரூரிலிருந்து சில மைல் தள்ளிக் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் உள்ள பம்பு பட்டறைகளின் தொழிலில் வைத்துச் சோதிக்கலாம்.

பம்பின் உறையை வார்க்கும்போது தண்ணீர் ஓடவேண்டிய இடத்தில் மணலால் ஆன ‘கோர்’ வைக்கப்படுகிறது. உருக்கிய இரும்பு அதைச் சூழ்ந்து இறுகியபின் மணலை உதிர்த்துவிட, அடைபட்டிருந்த இடம் நீர்வழியாகிறது. அந்த வழியின் வளைவைத் தீர்மானித்தவர் பேட்டர்ன் என்னும் வார்ப்பு மாதிரியைச் செய்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் தண்ணீர் எங்கே ஓடலாம், எங்கே சுவர் நிற்கலாம் என்பதைக் கணக்கே கண்டுபிடிக்கும் இடத்தியல் உகப்பாக்கத்தில், அதாவது டோபாலஜி ஆப்டிமைசேஷனில், அந்த உறுதி தளர்கிறது.

2004இல் கட்டற்ற மென்பொருளாக வெளியான ஓப்பன்ஃபோம் என்னும் பாய்வுக் கணிப்புத் தொகுப்பில் இதற்கென ஒரு நிரல் உண்டு. கொடுத்த வெளியை அது சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆல்ஃபா என்னும் எண்ணைத் தருகிறது. 0 என்றால் தண்ணீர் தடையின்றிப் போகும், எண் ஏற ஏறக் கட்டம் அடைபடும், மாதிரிக் கணக்கில் அதன் உச்சவரம்பு 200. அழுத்த இழப்புக்கு எந்தக் கட்டம் எவ்வளவு பொறுப்பு என்பதைத் தனித்தனியே சோதிக்காமல் ஒரே துணைக்கணக்கில் சொல்லிவிடும் அட்ஜாயின்ட் முறையைக் கொண்டு, குற்றமுள்ள கட்டங்களை நிரல் அடைத்துக்கொண்டே போகிறது. நுழைவாயிலை ஒட்டிய கட்டங்களை மட்டும் சுற்றுக்குச் சுற்று 0 ஆக்கும்படி நிரலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தண்ணீர் வரும் வாயை அடைக்கக் கூடாது என்பதைக்கூட இந்த வேலையாளுக்குச் சொல்லித்தான் தரவேண்டும்.

குயவன் இல்லாமலே குடம் வந்துவிட்டது என்று இதைக் காட்டி வாதிட முடியாது. இழப்பு என்பது தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பவருக்கு இழப்பே தவிர, சடமான கருவிக்கு அன்று. தொடக்க மதிப்பை மாற்றினால் அதே வெளியிலிருந்து வேறொரு வழி பிறக்கக்கூடும் என்பதும் சற்காரியவாதத்துக்கு முரணாகாது. மண்ணில் குடமும் உண்டு, சட்டியும் உண்டு.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நிமித்த காரணன் தான் வனையப்போவதை அறிந்தவன். இங்கே எல்லை நிபந்தனைகளை எழுதுபவருக்கு நோக்கம் தெரியும், வடிவம் தெரியாது. அந்த அறிவு சமன்பாட்டை வகுத்தவர், நிரலை எழுதியவர், எண்களை நிரப்பியவர் எனப் பலரிடம் சிதறிக் கிடக்கிறது. மூலநிரல் திறந்திருப்பதால் எது யாருடையது என்று பிரித்துப் பார்க்கவாவது முடிகிறது, மூடிய மென்பொருளில் அதற்கும் வழியில்லை. சித்தாந்தத்தின் ஒற்றைக் குயவனை இந்தக் கூட்டத்தில் தேடிப் பிடிப்பது எளிதன்று.

கணக்கு முடிந்த பின்னும் சில கட்டங்கள் சுவராகவும் ஆகாமல் வெளியாகவும் ஆகாமல் இடைப்பட்ட எண்ணோடு நிற்கும். அரை இரும்பை எந்த உலையிலும் வார்க்க முடியாது. எந்த எண்ணுக்கு மேல் இரும்பு, எதற்குக் கீழ் தண்ணீர் என்று கோடு போட்டுக் கொடுத்தால்தான் பேட்டர்ன் செய்பவர் வேலையைத் தொடங்க முடியும்.