முகமும் கூட்டமும்

"நல்லாத் தமிழ் பேசறீங்களேம்மா" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சூலூரில் எங்கள் கிளைக்கு மலேசிய ரிங்கிட் மாற்ற வந்திருந்த, எழுபதைத் தாண்டிய அந்த அம்மாளின் முகம் சீன முகம். சேலை, திருநீறு, வாக்கியத்துக்கு வாக்கியம் விழுந்த 'ங்க' எல்லாம் நம் பக்கத்தவை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு உங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க தம்பி, எனக்கு எங்கம்மா" என்றார்.

அந்த அம்மாவுக்குச் சூலூர் பக்கத்துக் கிராமம். பேராக்கில் ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். புலி வருஷத்தில் பிறந்த பெண் ஆகாது என்று ஒரு சீனக் குடும்பம் கொடுத்துவிட்ட கைக்குழந்தைதான் இவர். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வந்திருக்கிறார்.

இது தனிக்கதை அல்ல. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1930களுக்குப் பின் பல பத்தாண்டுகள் சீனப் பெண் குழந்தைகள் தமிழ் வீடுகளுக்கு வந்தார்கள். வறுமை, ஆண்பிள்ளை மோகம், ஜாதகம், 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி எனக் காரணங்கள் பல. காது குத்தி, தமிழ்ப் பெயரிட்டு வளர்த்தார்கள். எல்லா வீடும் ஒன்றுபோல் இருந்திருக்காது. சமையலறைக்கு ஓர் ஆள் என்று எடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். இதை நம் இனத்தின் பெருந்தன்மை என்று மேடையேற்ற வேண்டியதில்லை.

என் பாராட்டுக்கு வருகிறேன். விருந்தாளியைத்தான் இப்படிப் பாராட்டுவோம். முப்பத்துச் சொச்ச வருஷத்தில் என் தமிழை ஒருவரும் பாராட்டியதில்லை (அதற்கு வேறு காரணமும் இருக்கலாம்). எனக்கு உரிமையாக இருப்பது அவருக்குத் தேர்ச்சியாகிவிடுகிறது. முகத்துக்குத்தான் மொழி சொந்தம் என்று நான், அறியாமலே, தீர்ப்பளித்திருக்கிறேன். இதன் மறுபக்கம் இன்னும் விசித்திரம். இங்கே பிறந்து, ஸ்வீடனுக்கும் நெதர்லாந்துக்கும் தத்துப் போய், வேர் தேடித் திரும்பி வருகிறவர்களுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. அவர்களை 'நம்ம பிள்ளை' என்கிறோம். இரண்டிலும் நாம் பார்ப்பது தோலைத்தான்.

கொங்கு நாட்டில் முதல் விசாரிப்பே 'என்ன கூட்டம்?' என்பதுதான். பிள்ளையில்லாதவர்கள் பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பையனை எடுத்ததும் அதனால்தான். சொத்தும் கூட்டமும் கலையாது. சட்டம் இதைக் கடந்துவிட்டதா? 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம், தத்துப்போன நாளிலிருந்து பிறந்த குடும்பத்து உறவுகள் அறுந்தன என்கிறது. உடனே ஒரு விலக்கு: பிறந்த வீட்டில் இருந்திருந்தால் யாரை மணக்க முடியாதோ அவரை இப்போதும் மணக்க முடியாது. அறுந்த கயிற்றில் ஒரு நூலைச் சட்டமே விட்டுவைத்திருக்கிறது. முதலில் எனக்கு இது பிற்போக்காகப் பட்டது. இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் கர்ணனை இழுப்பது வழக்கம். பாரதத்தில் கிருஷ்ணனிடம் அவன் ராதையைப் பற்றிப் பேசுகிறான்: பால் சுரந்தவள், மலஜலம் எடுத்தவள் என்று. நாமோ ராதையை மறந்துவிட்டுச் செஞ்சோற்றுக் கடனைப் பிடித்துக்கொண்டோம். வளர்ப்புப் பிள்ளை என்றாலே கடன்காரன் என்றாகிவிட்டது. பெற்ற பிள்ளை நன்றி கெட்டவனானாலும் பிள்ளைதான். வளர்த்த பிள்ளை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் 'ரத்தம் பேசுது' என்கிறோம். பந்தத்தை எந்த நாளும் ரத்து செய்யலாம் என்ற மிரட்டல் இந்தச் சொல்லில் இருக்கிறது. நாள்முழுதும் பற்று வரவு பார்க்கும் எனக்கே இது குரூரமாகப் படுகிறது.

சிங்கப்பூரில் 2011 முதல், வெவ்வேறு இனப் பெற்றோரின் குழந்தைக்கு இரண்டு இனங்களையும் சேர்த்துப் பதியலாம். நல்லதுதான். ஆனால் அந்தக் கோடு போட்ட இணைப்பும் பெற்றவர்களைத்தான் கணக்கில் எடுக்கிறது. முகம் ஒரு பக்கமும் தாலாட்டு வேறு பக்கமுமாக வளர்ந்தவரை எதில் எழுதுவது?

வளர்ப்பே எல்லாம், ரத்தம் வெறும் கற்பனை என்று முடித்திருப்பேன். அந்த அம்மாள் விடவில்லை. எண்ணிக் கொடுத்த ரூபாயைச் சுருக்குப்பையில் திணித்துக்கொண்டே, பெற்றவளைத் தேடினீர்களா என்று நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்: "தேடலீங்க. எங்கம்மா மனசு நோகுமேன்னு. ஆனா சின்னதுல பஸ்ஸுல சீனத்துக் கிழவி யாராச்சும் ஏறுனா, இறங்குற வரைக்கும் மூஞ்சியவே பாத்துட்டிருப்பேன்."

பிறகு கோயிலுக்கு எந்த பஸ் என்று விசாரித்தார். சொன்னேன்.