அர்ஜுனனைக் கடிந்த இரண்டு சுலோகங்கள்

கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் பருவத்திலேயே சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், வகுப்புக்குப் போக மனமில்லாமல் தவிக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: மனசைத் திடப்படுத்திக்கொள், சாமியைக் கும்பிடு, எல்லாம் சரியாகிவிடும். அன்பினால் சொல்வதுதான். ஆனால் கலங்குவது பலவீனம், நம்பிக்கை உள்ளவர் கலங்கமாட்டார் என்ற தத்துவ முடிவு ஒன்று அதற்குள் இருக்கிறது. அதற்குச் சாட்சியாகக் கீதையைக் காட்டுபவர்களும் உண்டு. கீதையின் அமைப்பே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்று நான் கருதுகிறேன்.

கீதையின் 18 அத்தியாயங்களில் முதலாவது அர்ஜுன விஷாத யோகம். துயரத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அதையும் யோகங்களின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, தோல் எரிகிறது, மனம் சுழல்கிறது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது என்று அர்ஜுனன் சொல்லிக்கொண்டே போகிறான். அவன் முடிக்கும்வரை கண்ணன் குறுக்கிடவில்லை. இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், இந்தச் சோர்வு உனக்குத் தகாது, எழுந்திரு என்ற பொருளில் இரண்டே சுலோகங்களில் கடிந்துகொள்கிறான். நம் வீடுகளில் சொல்வதும் இதையேதான். அர்ஜுனன் எழவில்லை. தன் குழப்பத்தை மறுபடி சொல்கிறான், சீடனாக வழி கேட்கிறான், போரிடமாட்டேன் என்று கூறி மௌனமாகிவிடுகிறான். சொன்னவன் கடவுளாக இருந்தும் கண்டிப்பு பலிக்கவில்லை. உபதேசம் 11ஆம் சுலோகத்தில்தான் தொடங்குகிறது. அதன் நடுவிலும் அவன் மறுக்கிறான், கேட்கிறான், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் அரிது என்று ஆறாம் அத்தியாயத்தில் முறையிடுகிறான். அங்கே கண்ணன் சொல்லும் பதிலைப் பெற்றோர் நிதானமாகப் படிக்க வேண்டும். ஐயமே இல்லை, மனம் அடக்கக் கடினமானதுதான் என்று முதலில் ஒப்புக்கொள்கிறான். பயிற்சியும் பற்றின்மையும் அதன் பிறகே பேச்சில் வருகின்றன.

அர்ஜுனனுக்கு வந்தது அறச்சிக்கல், மாணவருக்கு வருவது நோயாகவும் இருக்கலாமே என்று கேட்பது நியாயம். நோயென்றால் கீதை போதாது, மருத்துவர் வேண்டும். அது நம் மரபுக்கு அந்நியமும் இல்லை. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார் வள்ளுவர். நீயே தேறி வா என்று சொல்லும்போது மற்ற மூன்றையும் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறோம். விடுதியில் அந்தக் கவனிப்பவர் பெரும்பாலும் அறைத்தோழர்தான், அவருக்கும் அதே வயது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியான மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம். இந்த எண் பிள்ளையின் கைபேசியில் இருப்பதும் வழிபாட்டைப் போலவே ஒரு துணை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. என்ன இருந்தாலும் கண்ணன் அர்ஜுனனைப் போர்க்களத்திலிருந்து போகவிடவில்லையே, பிள்ளையும் எடுத்த படிப்பை முடித்துத்தானே ஆக வேண்டும் என்பது. கண்ணனின் விருப்பம் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. ஆனாலும் 18ஆம் அத்தியாயத்தில், எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், இதை முழுதும் ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விடுகிறான். துறை மாறுவது, ஒரு பருவம் விடுப்பு எடுப்பது, வீட்டுக்கே திரும்புவது ஆகியவையும் பிள்ளை எடுக்கக்கூடிய முடிவுகளே. கட்டிய பணத்தையும் ஊர்ப்பேச்சையும் நினைத்துப் பெற்றோர் தடுமாறுவது புரிகிறது. கல்விக்கடன் வாங்கிய குடும்பத்துக்கு அது சின்னச் சுமை இல்லை. இருந்தும், திரும்பி வரலாம் என்பதைச் சேர்க்கை நாளிலேயே சொல்லிவைக்க வேண்டும். துயரம் முற்றிய பிறகு சொன்னால், அது தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லும் பேச்சு என்றே பிள்ளைக்குத் தோன்றும்.