மூச்சும் உயிரும்

மூச்சே உயிரென்பார் உலகிற் பலர். மூச்சு நின்றது, உயிர் போயிற்று என்னும் வழக்கும் அதற்கு அரணாய் நிற்கின்றது. பிராணவாயுவே ஆன்மா என்னும் இக்கொள்கையை மெய்கண்டதேவர் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில் மறுத்தருளினர். உறக்கத்தில் மூச்சு இடையறாது இயங்கவும் ஆண்டு நுகர்ச்சியுந் தொழிலும் இல்லாமையின், அறிந்து நுகரும் உயிர் அவ்வாயுவின் வேறென்பது அவர் காட்டும் ஏது. இதனை இக்கால உடனூலார் கண்டவற்றோடு வைத்து நோக்குவாம்.

மார்பிற்கும் வயிற்றிற்கும் இடையே கிடந்த உதரவிதானம் என்னுந் தசை சுருங்கித் தாழ, விலாவெலும்புகள் உயர, மார்பின் உள்ளிடம் பெருகிக் காற்று உட்புகும். தசை தளர அது வெளிப்படும். நுரையீரலின் பலகோடி நுண்ணறைகளில் உயிர்வளி குருதியிற் கலக்கக் கரியமிலவாயு நீங்கும். இவ்வியக்கத்தை ஏவுவது மூளையின் அடியிலுள்ள முகுளம். குருதியிற் கரியமிலவாயு மிகுதலே அதற்குத் தலையாய தூண்டுகோல். நாளொன்றுக்கு 21,600 மூச்சென்னும் யோகநூற் கணக்கு நிமிடத்திற்கு 15 ஆதலும், மருத்துவர் கூறும் 12 முதல் 20 என்னும் எல்லைக்குள் அஃது அடங்குதலும் காண்க.

அற்றேல், உயிருள்ளுழி மூச்சும் உண்மையின் இரண்டும் ஒன்றேயாகுக எனின், அன்று. 1952-இல் டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் நகரிற் பரவிய இளம்பிள்ளைவாதத்தாற் சிறார் பலர்க்கு மூச்சுத்தசைகள் செயலிழந்தன. பியோர்ன் இப்சன் என்னும் மருத்துவர் கூறிய வழியே, கழுத்திற் றுளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினர். ஏறத்தாழ 1,500 மாணவர் முறைவைத்து இரவும் பகலும் அப்பையை அழுத்தினர். மூச்சை இயக்கியது மாணவர் கை. பசியும் அச்சமும் தாயைக் கண்ட மகிழ்வும் சிறாருடையன. கை மாறுந்தோறும் அறிபவர் மாறினாரல்லர். மூச்சு உயிராயின் இது கூடுமோ?

இதன் மறுதலையும் இன்று கண்கூடு. மூளைத்தண்டு இறந்தாரது மார்பைப் பொறி உயர்த்தித் தாழ்த்துகின்றது. மருத்துவர் அப்பொறியை நீக்கிக் கரியமிலவாயுவை மிகவிட்டும் ஒரு மூச்சும் எழுவதில்லை. இந்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை இறப்பென ஏற்றது. "மூச்சு வருகின்றதே, எங்ஙனம் விடுவோம்" எனச் சுற்றத்தார் கலங்குதல் இயல்பே. உயிர் நீங்குங் கணத்தைக் காட்டவல்ல கருவி ஒன்றுமில்லை; ஆயினும் முறைப்படி ஆராய்ந்து தெளிந்தபின் அப்பொறியை நிறுத்துதல் கொலையாகாதென்பதே எமது துணிபு.

மூச்சு வேறெனின் அதனைப் பேணுதல் எற்றுக்கு என்பார்க்கு, உயிர் அறிதற்கு இறைவன் தந்த கருவிகளுள் அதுவும் ஒன்றென்க. மூச்சுக்குழலின் அகத்தேயுள்ள நுண்மயிர்கள் தூசியைத் தொண்டைக்கு மேலேற்றிக் கழிக்கும். புகையிலைப் புகை அவற்றை மடியச் செய்யும். விறகுப் புகையுங் கொடிதே. புகைபோக்கியில்லா மடைப்பள்ளியில் அடியார்க்கு அமுதாக்குவோர் நாடோறும் அதனை உட்கொள்கின்றனர். அங்குச் சாளரமும் புகைபோக்கியும் அமைப்பித்தலை மகேசுரபூசையின் செலவோடு சேர்த்தே மடத்தார் எண்ணல் வேண்டும்.