திருப்பிக் கேட்க ஏன் கூச்சம்?

பக்கத்து வீட்டு அண்ணன் வந்து புல் வெட்டும் மெஷின் கேட்கிறார். கொடுக்கலாமா, வேண்டாமா? நம் சமய வகுப்புகளில் தானம், தருமம், தொண்டு என்று நிறையப் பேசுகிறோம். ஆனால் இந்தச் சின்னக் கேள்வி வந்தால் ஆளுக்கு ஒரு பதில்தான். "குடுத்தா திரும்பி வராது தம்பி" என்பார் ஒருவர். "ஒரு மெஷினுக்காக மனுசாளைப் பகைச்சிக்கிறதா?" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரவல் என்பது தானமும் இல்லை, கடனும் இல்லை. தானம் கொடுத்தால் பொருள் நம்மை விட்டுப் போய்விட்டது, கணக்கு முடிந்தது. ஐம்பது வெள்ளி கைமாற்றுக் கொடுத்தால் வேறு ஐம்பது வெள்ளி திரும்பி வரும். அதே நோட்டு வரவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு படி அரிசியும் அப்படித்தான். ஏணி அப்படி இல்லை. அதே ஏணி, போன மாதிரியே வீட்டுக்கு வர வேண்டும். அது அடுத்த வீட்டில் கிடக்கும் நாளெல்லாம் அதன் சொந்தக்காரருக்கு ஏணி கிடையாது. இரவல் கொடுப்பவர் உண்மையில் கொடுப்பது அந்த நாட்களைத்தான். வாங்குபவர்கள் இதை மறந்து விடுகிறோம், ஏனென்றால் ஏணி நம் கண்முன் பத்திரமாக நிற்கிறது.

திருக்குறளில் ஒப்புரவறிதல் என்று 22ஆம் அதிகாரம் இருக்கிறது. உதவி செய்து வாழ்கிறவன் கையில் உள்ள செல்வத்துக்கு வள்ளுவர் அங்கே மூன்று உவமை சொல்கிறார்: ஊர் நடுவில் நிறைந்திருக்கும் ஊருணி, பழம் பழுத்த மரம், மருந்தாகும் மரம். அழகான உவமைகள். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஊருணியில் தண்ணீர் மொண்டால் அடுத்த மழை அதை நிரப்பிவிடும். மரம் அடுத்த பருவத்தில் மறுபடி காய்க்கும். மெஷின் அப்படித் தானாக நிரம்பாது. பிளேடு தேயும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், தோள் வார் அறுந்து போகும். அப்படியானால் இரவல் கொடுத்த பொருளுக்கு மழை யார்? என் பதில் இதுதான்: வாங்கிப் பயன்படுத்தியவர்தான். அவர் மழையாக இல்லாவிட்டால், ஊருணி மாதிரி இருந்த மனிதர் மூன்று வருடத்தில் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து விடுவார். பிறகு "அவரு முன்ன மாதிரி இல்ல" என்று நாமே பேசுவோம்.

நம் தோட்டத்து ஆட்கள் இந்த விஷயத்தைப் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். மலாயாவில் முதன்முதலாக ரப்பரை வாணிகப் பயிராக நட்டவர் நம் மலாக்காக்காரரான டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அதன் பிறகு ஜாசின், அலோர் காஜா பக்கமெல்லாம் ரப்பர் பரவியது. நம்மவர்கள் லயங்களில் வந்து வாழ்ந்தார்கள். லய வாழ்க்கையில் எல்லாமே ஒருவர் வீட்டிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போகும். தீபாவளி வந்தால் ஒரே முறுக்கு உரல் ஏழெட்டு வீடு சுற்றும். கல்யாணம் என்றால் அண்டா, குண்டான், பாய், பெஞ்சு எல்லாம் இரவல்தான். நம் பாட்டிமார் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டி வைத்தது எதற்கு? பொருள் வெளியே போகும் என்று தெரிந்துதான். போன பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று நாலு முறுக்கோ ஒரு பிடி சர்க்கரையோ போட்டு அனுப்புவார்கள்.

ஆனால் அதே லயத்தில் இரவல் போகாத ஒரு பொருள் இருந்தது. அது பால் வெட்டும் உளி. மாமன் கேட்டாலும் மச்சான் கேட்டாலும் கிடைக்காது. காரணம் இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வரும் நாளங்கள் பட்டையின் உள்பக்கம், வளரும் திசுவை ஒட்டியே ஓடுகின்றன. மேலாகச் சீவினால் பால் குறையும், கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. ஏச்சும் தண்டனையும் அந்த நிரைக்காரருக்குத்தான். அதனால் ஒவ்வொருவரும் தன் கைக்கு ஏற்றபடி உளியைத் தீட்டி வைத்திருப்பார். இன்னொரு கை ஒரு நாள் பிடித்தாலும் அந்த வாய் மாறிவிடும். கொடுக்க மறுத்தவரை யாரும் கஞ்சன் என்று சொன்னதில்லை. முறுக்கு உரல் வேறு, உளி வேறு என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இந்த வேறுபாட்டைத்தான் நாம் தொலைத்து விட்டோம் என்று எனக்குப் படுகிறது.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம்மவர்கள் டுரியான் துங்கால், புக்கிட் கட்டில், ஆயர் குரோ என்று தாமான்களுக்கு வந்தார்கள். தோட்டத்தில் உளி பிடித்த பலரின் பிள்ளைகள் இன்று புல் வெட்டும் மெஷின், வெல்டிங் செட், டிரில், தண்ணீர் அடிக்கும் ஜெட் மெஷின் வைத்துப் பிழைக்கிறார்கள். இவை அவர்களுடைய உளிகள். ஆனால் கேட்கிற சொந்தக்காரர் இதை முறுக்கு உரல் கணக்கில்தான் கேட்கிறார். "ஞாயித்துக்கிழமை மட்டும் குடுப்பா, சாயந்திரம் கொண்டாந்துர்றேன்." மலாக்கா டவுனில் ஜாலான் துக்காங் எமாஸ், ஜாலான் துக்காங் பெசி என்ற தெருக்களில் எத்தனை தடவை நடந்திருக்கிறோம். பொற்கொல்லர் தெரு, இரும்புக் கொல்லர் தெரு. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அந்தப் பொற்கொல்லர் தெருவில்தான் இருக்கிறது. அந்தத் தெருவில் ஒரு தட்டாரிடம் போய், "உங்க தராசக் குடுங்க, ரெண்டு நாள் வெச்சிட்டுத் தர்றேன்" என்று யாராவது கேட்டிருப்பார்களா?

ஜாசின் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் புல் வெட்டிப் பிழைக்கிறார். அவருடைய மெஷினை நெருங்கிய உறவினர் ஒருவர் வாங்கிப் போனார். இந்த மெஷின்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக். காரில் இருப்பது போல எண்ணெய்க்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலில் 2டி எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், அந்தக் கலவைதான் பிஸ்டனுக்கு வழவழப்பு. வாங்கிப் போனவர் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிவிட்டார். சூடேறி, பிஸ்டன் கீறி, இறுகி நின்று விட்டது. மெஷின் திரும்பி வரவில்லை, செய்திதான் வந்தது, அதுவும் பத்து நாள் கழித்து. "பழைய மெஷின்தானே மாமா, எப்படியும் போற நேரம்." மாமா ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூட வேலை ஒன்று அந்த வாரம் கைவிட்டுப் போனது. அவர் வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்து மற்ற வேலைகளை முடித்தார். இன்றுவரை பணம் கேட்கவில்லை. கேட்டால் அந்த வீட்டு விசேஷத்தில் எப்படி முகம் பார்ப்பது என்கிறார்.

நம் பழைய நூல்கள் இந்த வழக்கைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் பகுதி இரவல் பொருளைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. எந்த நிலையில் வாங்கினாயோ அந்த நிலையில் திருப்பு. இயற்கைச் சேதம் போன்ற கைமீறிய காரணத்தால் அழிந்தால்தான் விலக்கு. இரவலுக்கும் வாடகைக்கும் அங்கே ஒரே விதி. சும்மா வாங்கியது என்பதால் பொறுப்புக் குறைவதில்லை. யாக்ஞவல்கிய ஸ்மிருதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒப்படைத்த பொருள் அரசனாலோ தெய்வச் செயலாலோ திருடனாலோ போனால் வைத்திருந்தவர் தர வேண்டியதில்லை. ஆனால் சொந்தக்காரர் கேட்டும் கொடுக்காமல் இருந்து, அதன் பிறகு அது அழிந்தால், அதன் மதிப்பையும் கொடுக்க வேண்டும், அதே அளவு தண்டமும் கட்ட வேண்டும். இரவல் பொருளுக்கும் இந்த விதி பொருந்தும் என்று அந்த நூலே சேர்த்துச் சொல்கிறது.

நல்ல சட்டம்தான். ஆனால் கவனியுங்கள், அது சொந்தக்காரர் "கேட்டும்" என்ற இடத்தில் இறுகுகிறது. நம் மாமா கேட்கவே இல்லையே!

என்னைப் பொறுத்தவரை இங்கேதான் விஷயம் இருக்கிறது. வள்ளுவர் 107ஆம் அதிகாரத்துக்கு இரவச்சம் என்று பெயர் வைத்தார். பிறரிடம் போய்க் கேட்பதற்கு அஞ்சுவது. கை நீட்டுகிறவன் படும் கூச்சத்தை அவரைப் போல யார் சொன்னார்கள்? இரவல் என்ற சொல்லும் அந்த இரத்தலோடு சேர்ந்ததுதான். ஆனால் இன்று நடப்பது என்ன? வாங்கும்போது கூச்சம் இல்லை. பொருளுக்குச் சொந்தக்காரர்தான் இரண்டு தடவை அந்த வீட்டு வாசல் வரை போய், வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வருகிறார். தன் சொந்தப் பொருளுக்கு அவர் இரப்பவர் ஆகிவிட்டார். தாமதமாகத் திருப்புவதில் உள்ள பெரிய குற்றம், மெஷின் தேய்ந்தது என்பதைவிட, இந்த மாற்றம்தான். நாம் பட வேண்டிய கூச்சத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிடுகிறோம். தெய்வங்கள் தந்ததை அனுபவித்துவிட்டுத் திருப்பிச் செலுத்தாதவன் திருடனே என்று பகவத் கீதை மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்கிறான். அது வேள்வியைப் பற்றிய பேச்சு, புல் மெஷினைப் பற்றியது இல்லை, சரி. ஆனாலும் அந்தக் கடுமையான சொல்லை அங்கே போட்டதற்குக் காரணம் இருக்கும் அல்லவா?

"உறவுக்குள்ள என்ன கணக்கு?" என்று ஒரு வாக்கியம் உண்டு. இதை வாங்கினவர் வாயிலிருந்துதான் நான் எப்போதும் கேட்டிருக்கிறேன். கொடுத்தவர் சொல்லி ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கொடுத்தவர் சொன்னால் அது பெருந்தன்மை. அவர் "பரவாயில்ல, விடு" என்று மன்னிக்கலாம், அது அவர் உரிமை. அவருக்குப் பதிலாக நாமே நம்மை மன்னித்துக்கொள்ள முடியாது.

உறவுக்குள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நமக்கு பரதன் இருக்கிறான். பாதுகையை வாங்கிக்கொண்டு போனவன், அந்த ராஜ்ஜியத்தைத் தனதாக நினைக்கவில்லை. அண்ணன் ஒப்படைத்த பொருளாகவே நந்திக்கிராமத்தில் இருந்து 14 வருடம் காத்தான். ராமன் திரும்பி வந்ததும், கேட்பதற்கு முன் அவனே திருப்பிக் கொடுத்தான். களஞ்சியமும் படையும் பத்து மடங்காகி இருக்கின்றன என்று வால்மீகியில் அவன் சொல்கிறான். நம்மிடம் யாரும் பத்து மடங்கு கேட்கவில்லை. டாங்கியில் கலவை பெட்ரோலை நிரப்பி, பிளேடில் ஒட்டிய புல்லைத் துடைத்துக் கொடுத்தால் போதும்.

சரி, கேட்கும்போது மறுக்கலாமா? பிழைப்புக் கருவி என்றால் மறுக்கலாம், அதில் பாவம் ஒன்றும் இல்லை. உளியை யாரும் கொடுத்ததில்லை. ஆனால் மறுத்துவிட்டு அதோடு நிற்காமல் இருக்க ஒரு வழி உண்டு. "மெஷின் குடுக்க முடியாது அண்ணே, ஞாயித்துக்கிழமை காலைல நானே வந்து அரை மணி நேரத்துல வெட்டித் தர்றேன்." கருவியோடு தானும் போவது. தாமானில் கோத்தோங் ரோயோங் நடக்கும்போது இதைத்தானே செய்கிறோம், அவரவர் பொருளை அவரவர் கையில் பிடித்துக்கொண்டு. தனியாக இருக்கும் வயதான அக்காவுக்கோ, கால் நடக்க முடியாதவருக்கோ மெஷினைக் கொடுத்து என்ன பயன்? ஆள்தான் வேண்டும்.

பிழைப்புக்கு வேண்டாத பொருளை, ஏணி, அண்டா, கேஸ் அடுப்பு, கூடாரம் இவற்றை, எல்லா வீட்டிலும் வாங்கி வைப்பது வீண். வருடத்துக்கு இரண்டு நாள் தேவைப்படும் பொருள் அது. அமெரிக்காவில் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் புத்தகம் போலவே கருவிகளையும் இரவல் கொடுக்கிறது. திருப்ப வேண்டிய நாளைக் குறித்துத்தான் கொடுப்பார்கள். நம் கோயில் ஸ்டோர் ரூம்கள் அந்த வேலைக்கு ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. லயத்தில் யார் வீட்டு அண்டா யார் வீட்டில் இருக்கிறது என்று எல்லார் கண்ணுக்கும் தெரியும், அந்தக் கண்களே பாதிக் காவல். தாமானில் கேட்டும் மதிலும் வந்த பிறகு அந்தக் காவல் போய்விட்டது. அதற்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம்.

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் இளைஞர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள். பொருள், எடுத்தவர், எடுத்த நாள், திருப்பும் நாள், கையெழுத்து. ஆயுத பூஜைக்கு முதல் வாரம் எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும், கழுவித் துடைத்து சந்தனம் குங்குமம் வைப்பதற்கு. நோட்டு வந்த முதல் மாதம் ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாப்பது வருசமா இந்தக் கோயில்ல இருக்கேன், ஒரு அண்டாவுக்கு எங்கிட்ட கையெழுத்தா?" என்று சத்தம் போட்டார். பையன்கள் பதில் பேசவில்லை. பொருளாளர் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். முதல் கையெழுத்து கோயில் தலைவருடையது, ஒரு ஏணிக்கு. பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே பேனாவை வாங்கினார்.