ஹுதைபிய்யாவிலிருந்து திரும்பியவர்கள்

நஹ்மதுஹூ வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம்.



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஜமாஅத் கலைந்த பின்பு, நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் எனக்காகக் காத்திருந்தார். முப்பது வருஷமாக இந்நாட்டில் ஜவுளிக் கடை வைத்து நாணயமாக வியாபாரம் செய்துவருபவர். கையில் ஒரு காகித உறை. முகத்தில் வாட்டம்.

"ஹஜ்ரத், ஊரிலிருக்கும் என் தங்கை மகன் கனடாவுக்குப் படிக்கப் போக மூன்று முறை மனுச் செய்தான். மூன்று முறையும் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். நான்காவது முறை போடப் போகிறோம். ஏஜெண்டு இரண்டு காரியம் சொல்கிறான். நான் ஒரு தொகையை மச்சான் பெயரில் பாங்கியில் போட்டு வைத்து, விசா வந்ததும் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டுமாம். முன்பு மறுக்கப்பட்டதுண்டா என்று படிவத்தில் கேட்கிற இடத்தில் இல்லை என்று போட வேண்டுமாம். பணம் என்னுடையது; ஹலாலான பணம். இது கூடுமா, கூடாதா?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த மனக்குழப்பம் அவர் ஒருவருடையதல்ல. நம்மில் எத்தனையோ பேர் மகனுக்காகவோ மருமகனுக்காகவோ இதே உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஆகவே அன்று அவரிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

சகோதரர்களே! வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட பிரயாணி உலகத்தில் நாம்தான் முதலில் என்று எண்ணிவிட வேண்டாம். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628-இல், கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 ஸஹாபாக்களுடன் உம்ராச் செய்ய மக்காவை நோக்கிப் புறப்பட்டார்கள். இஹ்ராம் உடை, குர்பானிக்கான ஒட்டகங்கள், உறையிலிட்ட வாள் இவைதாம் அவர்கள் கொண்டுபோனவை. போருக்குப் போகவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். அப்படியிருந்தும் குறைஷிகள் ஹுதைபிய்யாவில் மறித்து, உள்ளே விடமாட்டோம் என்றார்கள். தாம் பிறந்த ஊர். தம் பாட்டனார் இப்ராஹீம் (அலை) கட்டிய ஆலயம். கூப்பிடு தூரத்தில் அது இருக்க, அனுமதியில்லை!

ஸுஹைல் இப்னு அம்ர் என்பவர் குறைஷிகளின் சார்பில் உடன்படிக்கை பேச வந்தார். அலி (ரலி) அவர்கள் எழுதுகிறார்கள். அல்லாஹ்வின் தூதர் என்ற சொல்லைக் கண்டதும் ஸுஹைல் தடை சொன்னார். அதை ஒப்புக்கொண்டிருந்தால் உங்களைத் தடுத்தே இருக்கமாட்டோமே, அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத் என்று எழுதுங்கள் என்றார். அச்சொல்லை அழிக்க அலி (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் அந்த இடத்தைக் காட்டச் சொல்லித் தம் கையாலேயே அழித்தார்கள். இவ்வருஷம் திரும்பிவிட வேண்டும், அடுத்த வருஷம் வந்து மூன்று நாள் தங்கலாம் என்று ஏற்பாடாயிற்று.

ஸஹாபாக்களின் உள்ளம் நொறுங்கிப்போயிற்று. உமர் (ரலி) அவர்களே நேரில் போய், நாம் கஃபாவை வலம் வருவோம் என்று தாங்கள் சொல்லவில்லையா என்று கேட்டார்கள். சொன்னது மெய்தான், ஆனால் இந்த வருஷமே என்று சொன்னேனா என்பது நாயகத்தின் பதிலாக இருந்தது.

இந்தப் பதிலைக் கல்லாவில் உட்காரும்போதும் தொழுகைப் பாயில் உட்காரும்போதும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அல்லாஹ் தருவதாக உள்ளதைத் தருவான். ஆனால் நம் பஞ்சாங்கத்துக்கு அவன் கட்டுப்பட்டவனல்லன். மதீனாவுக்குத் திரும்பும் வழியில்தான் அல்ஃபத்ஹ் என்னும் அத்தியாயம் இறங்கியது. எல்லோரும் தோல்வியென்று நினைத்ததைப் பகிரங்கமான வெற்றியென்று அல்லாஹுத்தஆலா அறிவித்தான்.

நிற்க. மக்காவின் வாசலை அடைத்தது அநியாயம். ஓர் அரசாங்கம் தன் நாட்டுக்குள் யார் வரலாம் என்று விசாரிப்பது அநியாயமல்ல. நம் கடைக்குள் யாரை வேலைக்கு வைப்பது என்று நாம் விசாரிப்பதில்லையா? இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. மறுக்கப்பட்டவர் எப்படி நடந்துகொள்வது என்பதற்கே அங்கே பாடம் இருக்கிறது.

முதல் பாடம், மறுப்பின் காரணத்தை அறிவது. நாம் அனுப்பிய சரக்கைக் கொள்முதல் செய்தவர் திருப்பியனுப்பினால் என்ன செய்கிறோம்? மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறோம். நெசவில் பழுதா, அளவில் குறைவா, கேட்டது ஒன்றும் போனது ஒன்றுமா என்று கவனிக்கிறோம். அதே மூட்டையை அதே கயிற்றால் கட்டி மறுவாரமே அனுப்புகிற வியாபாரி உண்டா? ஆனால் நம் நண்பரின் மருமகன் விஷயத்தில் அதுதான் நடந்திருக்கிறது. முதல் மறுப்பு வந்த பன்னிரண்டாம் நாள், ஒரு காகிதம்கூட மாறாமல் இரண்டாவது மனு போயிருக்கிறது. மூன்றாவதில் படிப்பின் பெயர் மட்டும் மாறியது. ஏன் அந்தப் படிப்பு என்று எழுதிய கடிதத்தில் பழைய வாசகமே இருந்தது.

கனடா நாட்டுச் சட்டப்படி, மறுக்கப்பட்டவர் மீண்டும் மனுச் செய்ய இத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்ற கணக்கில்லை. இத்தனை முறைதான் என்ற வரம்புமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் 150 டாலர் கட்டணம் புதிதாகக் கட்ட வேண்டும். பழைய மனுக்களெல்லாம் அதிகாரியின் கண்முன் இருக்கும். படிப்பு முடிந்ததும் நாட்டைவிட்டுப் போய்விடுவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவேண்டும். செலவுக்குப் போதிய பணமும் இருக்க வேண்டும். பெரும்பாலான மறுப்புக்கள் இவ்விரண்டைச் சுற்றியே வருகின்றன. மறுப்புக் கடிதத்தில் காரணம் சுருக்கமாகத்தான் இருக்கும். அதிகாரி எழுதி வைத்த குறிப்பையும் சேர்த்தனுப்பும் வழக்கம் 2025 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. அது வந்திராவிட்டால், அந்நாட்டில் இருக்கும் ஒருவர் மூலம், மனுதாரரின் சம்மதக் கடிதத்துடன், தகவல் கோரும் சட்டத்தின்கீழ் 5 டாலர் கட்டிக் கேட்டுப் பெறலாம். ஏஜெண்டுக்கு இலட்சம் இலட்சமாகக் கொடுக்கிறவர்கள் இந்த 5 டாலர் காகிதத்தைப் படிப்பதில்லை!

அதிகாரியின் முடிவே நியாயமற்றது என்று தோன்றினால், வெளிநாட்டிலிருந்து மனுச் செய்தவர் 60 நாளுக்குள் அந்நாட்டு ஃபெடரல் கோர்ட்டை அணுக வழியிருக்கிறது. கோர்ட்டு விசா கொடுக்காது. முடிவு தவறென்று கண்டால், வேறோர் அதிகாரி மறுபடி பார்க்கும்படி அனுப்பும். ஆனால் நம்முடைய காகிதத்தில் குறையிருக்கும்போது கோர்ட்டுக்குப் போவதில் பயனில்லை. குறையைத் தீர்த்து மனுப்போடுவதே வழி.

இரண்டாவது பாடம், விட்டுக்கொடுக்கக்கூடியது எது, கூடாதது எது என்பது. நாயகம் (ஸல்) அவர்கள் அன்று ஒரு பட்டத்தை அழிக்கச் சம்மதித்தார்கள். ஆனால் அந்த இடத்தில் எழுதப்பட்டது பொய்யல்லவே! அப்துல்லாஹ்வின் மகன் என்பதும் மெய்தான். எதிரிலிருப்பவர் ஏற்கக்கூடிய மெய்யை எழுதினார்கள். மனுவை மாற்றுங்கள், வாசகத்தை மாற்றுங்கள், படிப்பை மாற்றுங்கள், காலேஜை மாற்றுங்கள், குற்றமில்லை. மெய்யை மட்டும் மாற்றாதீர்கள்.

இனி நம் நண்பரின் பணத்துக்கு வருகிறேன். மதீனத்துக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் கண்டித்தார்கள். இதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! மச்சானுடைய பாங்கிக் கணக்கில் மூன்று வாரம் நமது பணத்தை வைத்து, இது அவருடைய பணமென்று காட்டினால், அது மேலே உலர்ந்து உள்ளே நனைந்த குவியலேயல்லவா? பணம் ஹலால்தான், சாட்சி பொய். பொய்ச் சாட்சியைப் பெரும் பாவங்களில் ஒன்றாக எண்ணி, சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் நம் நாயகம் (ஸல்).

உலகக் கணக்கிலும் இது நஷ்டந்தான். திடீரென்று வந்து விழுந்த தொகை, கணக்குப் பார்க்கிறவர் கண்ணுக்கு முதலில் தட்டுப்படும். அந்தப் பையனின் முதல் மறுப்புக்கே அதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. சரி, பணம் விசாவுக்குப் பின் திரும்பிவிட்டால் பையன் அங்கே எதைச் சாப்பிடுவான்? தனியாகப் போகும் மாணவனுக்கு, கியூபெக் மாகாணம் நீங்கலாக, முதல் வருஷச் சம்பளத்துக்கும் பிரயாணச் செலவுக்கும் மேலாக 22,895 டாலர் காட்ட வேண்டும் என்பது 2025 செப்டம்பர் முதல் வந்த கணக்கு. குளிருக்கும் வாடகைக்கும் வேண்டிய பணம் அது. காட்டிவிட்டு எடுத்துப்போகும் பணமல்ல.

அதனால் நண்பரிடம் சொன்னேன்: "உங்கள் மருமகன் படிக்க வேண்டும் என்ற எண்ணம் மெய்யானால் உண்மையாகவே கொடுங்கள். ஹிபாவாகக் கொடுங்கள், அல்லது செலவை நானே ஏற்கிறேன் என்று உங்கள் பெயரில் எழுதிக் கொடுங்கள். தாய்மாமன் என்பதற்கு அத்தாட்சி, கடையின் வருஷக் கணக்கு, வரி கட்டிய ரசீது, பல மாதத்துப் பாங்கி வரவு செலவு எல்லாவற்றையும் பகிரங்கமாக வையுங்கள். கொடுக்க முடியாதென்றால் முடியாதென்று தங்கையிடம் சொல்லிவிடுங்கள். அதில் வெட்கமில்லை."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத், வரிக் கணக்கை வைத்தால் என் கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டுமே" என்றார்.

சகோதரர்களே, இந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. ரொக்க வியாபாரம் செய்யும் நம்மில் எத்தனை பேர் பேரேட்டை அந்நியர் கண்முன் கூசாமல் விரித்து வைக்க முடியும்? பிள்ளையின் மனு மாமனுடைய கணக்கைத் திறந்துவிட்டது. நாளை மஹ்ஷரில் திறக்கப்போகும் ஏட்டுக்கு இது ஒரு சிறு ஒத்திகையென்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது படிவத்தில் கேட்கும் கேள்வி. கனடாவோ வேறெந்த நாடோ முன்பு மறுத்ததுண்டா என்று அதில் வெளிப்படையாகக் கேட்கிறார்கள். உண்டு என்று எழுதுவதால் யாரும் தண்டிக்கப்படுவதில்லை. இல்லை என்று எழுதி அகப்பட்டால், பொய்த் தகவல் தந்த குற்றத்துக்கு ஐந்து வருஷம் அந்நாட்டு வாசல் அடைபடும். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸீலந்து ஆகிய ஐந்து நாடுகளும் இத்தகவல்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. "ஏஜெண்டுதான் எழுதினான்" என்பதும் செல்லாது, கையெழுத்து பையனுடையது. 2023-இல் என்ன நடந்தது? காலேஜின் பெயரால் ஏஜெண்டுகள் கொடுத்த சேர்க்கைக் கடிதங்கள் போலியென்று தெரியவந்து, அங்கே போய்ச் சேர்ந்திருந்த இந்திய மாணவர்கள் பலர் நாட்டைவிட்டு அனுப்பப்படும் நிலைக்கு ஆளானார்கள். அவ்வருஷம் டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் அந்தந்தக் காலேஜே உறுதிசெய்ய வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

மூன்றாவது பாடம்தான் எல்லாவற்றிலும் எனக்கு இனிப்பானது. மறுவருஷம், ஹிஜ்ரி 7-இல், நாயகம் (ஸல்) அவர்கள் உடன்படிக்கைப்படி மக்காவுக்குள் நுழைந்து உம்ராவை நிறைவேற்றினார்கள். மூன்று நாள் தவணை. அச்சமயம் மைமூனா (ரலி) அவர்களை மணம் செய்திருந்தார்கள். வலீமா விருந்து இங்கேயே நடக்கட்டும், நீங்களும் வந்து உண்ணுங்கள் என்று குறைஷிகளை அன்போடு அழைத்தார்கள். உங்கள் விருந்து வேண்டாம், தவணை முடிந்தது, புறப்படுங்கள் என்றார்கள் அவர்கள். யாதொரு வாதமும் செய்யாமல் புறப்பட்டு, ஸரிஃப் என்னுமிடத்தில் போய்த் தங்கினார்கள். கொடுத்த வாக்கின்படி குறித்த நாளில் வெளியேறினார்கள்! படிப்பு முடிந்ததும் போய்விடுவாயா என்று அதிகாரி கேட்கிற கேள்விக்கு இதைவிட மேலான பதில் ஏது? நம் பிள்ளை அந்த வாக்கை மனமறிந்து கொடுக்க வேண்டும். அங்கேயே தங்க அந்நாட்டுச் சட்டம் வழி திறந்தால் அது வேறு. வாக்குக் கொடுக்கும்போதே ஒளிந்து தங்கும் எண்ணம் இருந்தால், அது படிப்பல்ல, முனாஃபிக்தனம்.

மனம் சோர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு சொல். ஹுதைபிய்யாவில் குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுங்கள் என்று மூன்று முறை சொல்லியும், துயரத்தால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்போது உம்மு ஸலமா (ரலி) அம்மையார், யாரிடமும் பேசாமல் தாங்கள் போய்த் தங்கள் ஒட்டகத்தை அறுத்து முடியைக் களையுங்கள் என்று யோசனை சொன்னார்கள். அவ்வாறே நாயகம் (ஸல்) செய்யக் கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள். மறுப்பு வந்த நாளில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் பிள்ளைக்கும் இதுவே மருந்து. கைக்கெட்டிய அடுத்த காரியத்தைச் செய். வேலை கிடைத்தால் பார். பரீட்சையை மறுபடி எழுதி மார்க்கை உயர்த்து. வீட்டுப் பெண்களின் யோசனையையும் கேள்.

வாசல் ஒன்றுதான் என்றும் எண்ணாதே. யாகூப் (அலை) அவர்கள் தம் மக்களை எகிப்துக்கு அனுப்பும்போது ஒரே வாசலால் நுழையாமல் பல வாசல்களால் நுழையச் சொன்னார்கள். அல்லாஹ்வின் அருளில் நிராசை கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார்கள். நம் மலேசியாவிலேயே 1983-இல் தொடங்கிய சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்வி கனடாவில் மட்டும் விளைவதல்ல.

நம் நண்பர் தம் கணக்கை ஒழுங்குசெய்ய ஆறு வாரம் எடுத்துக்கொண்டார். பாக்கி வரியைக் கட்டினார். ஏஜெண்டை விலக்கினார். பையன் தன் கடிதத்தைத் தானே எழுதினான். முன் மறுப்புக்கள் மூன்றையும் தேதியோடு குறிப்பிட்டு, அவற்றில் என்ன குறை இருந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்றும் எழுதினான். இஸ்திகாரா தொழுதபின் மனு போயிருக்கிறது. இதை எழுதும்வரை பதில் வரவில்லை. நேற்று அவரைக் கண்டேன். "வந்தாலும் அல்ஹம்துலில்லாஹ், வராவிட்டாலும் அல்ஹம்துலில்லாஹ். இப்போது இரவில் தூக்கம் வருகிறது, ஹஜ்ரத்" என்றார்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக. திறக்கும் வாசலில் நன்றியையும், அடைபட்ட வாசலில் பொறுமையையும், இரண்டிலும் மெய்யையும் எங்களுக்கு அருள்வாயாக. எங்கள் கணக்குகளை இம்மையிலும் மறுமையிலும் வெட்கமில்லாமல் திறக்கக்கூடியவையாக ஆக்கிவைப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.