தோற்றவன் திருடனா?

'அவன் மஞ்சள் கடுதாசி குடுத்துட்டானாம்!' இதைச் சொல்லும்போது நம் குரல் தானாகவே தாழ்ந்துவிடும், கவனித்திருக்கிறீர்களா? கேட்பவரும் உடனே ஒரு கேள்வி போடுவார்: 'நிஜமாவே நொடிச்சுப் போனானா, இல்லே சுருட்டிக்கிட்டானா?'

சாதாரணக் கேள்வி இல்லை இது. வியாபாரத்தில் தோற்பது பாவமா? இல்லை என்பீர்கள். தோற்றவன் மறுபடி கடை திறக்கலாமா? தாராளமாக என்பீர்கள். நாலு பேர் பணத்தை விழுங்கிவிட்டுத் தோற்றவன்? இங்கேதான் கொஞ்சம் யோசிக்கிறோம்.

இங்கிலாந்தில் இதற்காகவே 1986-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். கம்பெனி திவாலானால் அதன் டைரக்டர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்ப்பார்கள். 'இவரை நம்பி இன்னொரு கம்பெனியை ஒப்படைக்க முடியாது' என்று கோர்ட் முடிவு செய்தால் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 15 வருடம் அவர் டைரக்டர் நாற்காலியில் உட்கார முடியாது. மீறினால் 2 வருடம் வரை ஜெயில்.

நஷ்டம் வந்ததற்காக இந்தத் தடை இல்லை. மார்க்கெட் சரிந்தது, வாடிக்கையாளர் வரவில்லை, கணக்கு தப்பிப் போனது... இதெல்லாம் குற்றமே இல்லை. அரசுக்குச் சேர வேண்டிய வரிப் பணத்தில் கடையை ஓட்டுவது, கணக்குப் புத்தகத்தைத் தொலைத்துவிடுவது, திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே கடன் வாங்குவது - இவைதான் குற்றம்.

ஓர் உதாரணம். 1928-ல் தொடங்கிய பி.எச்.எஸ். அந்த நாட்டின் பிரபலமான கடைகளில் ஒன்று. 2015 மார்ச்சில் அது கைமாறியது. விலை என்ன தெரியுமா? ஒரே ஒரு பவுண்டு! வாங்கிய குழுவின் தலைவர் டொமினிக் சாப்பல், ஏற்கெனவே திவாலானவர். 2016 ஏப்ரலில் கம்பெனி விழுந்தது. 11,000 பேருக்கு வேலை போயிற்று. பென்ஷன் நிதியில் 57 கோடி பவுண்டு பள்ளம். பழைய முதலாளி பிலிப் கிரீன் 2017-ல் 36 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்துதான் அதை ஓரளவு நிரப்பினார்.

சாப்பலுக்கு 2019-ல் 10 வருடத் தடை விழுந்தது. தனி வழக்கில், வரி ஏய்ப்புக்காக 2020-ல் 6 வருட ஜெயில். பிறகு 2024-ல் லண்டன் உயர் நீதிமன்றம் ஒரு தேதியையே குறித்துச் சொன்னது. இனி கம்பெனி தேறாது என்று டைரக்டர்களுக்கு 2015 செப்டம்பரிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்றது. அதாவது, கம்பெனி விழுவதற்கு ஏழு மாதம் முன்பே.

அந்த ஏழு மாதம்தான் விஷயமே. அதற்கு முன்னால் வந்த நஷ்டத்தைத் தோல்வி என்று சொல்லலாம். தெரிந்த பிறகும் சரக்குக்கு ஆர்டர் கொடுத்தால் அதற்கு என்ன பேர்?

'அதுக்காக ஒருத்தன் பிழைப்பையே கெடுக்கலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். கெடுக்கவில்லை. தடை வாங்கியவர் வேலைக்குப் போகலாம். சொந்தப் பெயரில் கடைகூட வைக்கலாம். ஆனால் கடன் வந்தால் தன் வீட்டை விற்றாவது அடைக்க வேண்டும். அவர் இழப்பது 'லிமிடெட்' என்ற குடையை மட்டும்தான்.

அந்தக் குடையை அவருக்குக் கொடுத்தது யார்? சமூகம். 'துணிந்து தொழில் செய், நாலு பேருக்கு வேலை கொடு. தோற்றால் நீ போட்ட முதல் மட்டும் போகட்டும், உன் வீடு வாசலைத் தொட மாட்டோம்' என்று ஊரே சேர்ந்து கொடுத்த சலுகை அது. அந்த நஷ்டத்தின் மிச்சத்தைச் சுமப்பது சரக்குக் கொடுத்த சின்ன வியாபாரியும் சம்பளம் வராத ஊழியரும்தான். அவர்கள் நம்பிக் கொடுத்த குடையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அவர்கள் பையிலேயே கைவிட்டால், குடையைத் திருப்பி வாங்கிக்கொள்வது அநியாயமா, சொல்லுங்கள்.

ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெறும் தடையால், பணத்தை இழந்தவருக்கு ஒரு பைசா திரும்பி வராது. அடுத்து ஏமாறப் போகிறவரை வேண்டுமானால் அது காப்பாற்றும். இது உறுத்தியதாலோ என்னவோ, தடை வாங்கிய டைரக்டரிடமிருந்து நஷ்டஈடும் வசூலிக்க 2015-ல் வழி செய்தார்கள்.

எனவே, அடுத்த முறை யாராவது 'அவன் நொடிச்சுப் போயிட்டான்' என்று குரலைத் தாழ்த்தினால், எவ்வளவு போச்சு என்று விசாரிக்காதீர்கள். தேறாது என்று தெரிந்த நாளுக்குப் பிறகு அவர் யாரிடமாவது கை நீட்டினாரா என்று கேளுங்கள். நீட்டவில்லை என்றால், அவர் மறுபடி கடை திறக்கும்போது முதல் போணி நீங்களே செய்யலாம்.