இயந்திரத்துக்குப் பிராயச்சித்தம் உண்டா?

சித்தூருக்குப் பக்கத்தில், பாகுதா ஆற்றங்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். அந்த ஆற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் சங்கன், லிகிதன் கதை மகாபாரதத்தின் சாந்தி பர்வத்திலும் வருகிறது. அண்ணன் சங்கன் இல்லாத நேரத்தில் அவருடைய ஆசிரமத்துப் பழத்தைப் பறித்துத் தின்றுவிடுகிறான் தம்பி லிகிதன். ஊர்க்கதையில் அது மாம்பழம். கேட்காமல் எடுத்தது திருட்டு, அரசனிடம் போய்ச் சொல்லித் தண்டனை வாங்கிக்கொள் என்று அண்ணன் அனுப்புகிறார். அரசனோ மன்னித்துவிடத்தான் பார்க்கிறான். தம்பி விடவில்லை, கேட்டு வாங்கிக்கொள்கிறான். கைகள் இரண்டும் போகின்றன. திரும்பி வந்தவனை ஆற்றில் இறங்கி நீர்க்கடன் செய்யச் சொல்கிறார் அண்ணன். கைகள் மறுபடி முளைக்கின்றன. இந்தச் சக்தி முன்பே இருந்ததே, முதலிலேயே என்னைத் தூய்மையாக்கியிருக்கலாமே என்று தம்பி கேட்கிறான். தண்டிப்பது என் வேலையல்ல, அரசனுடையது. தண்டித்ததால் அவனும் தூய்மையடைந்தான் என்கிறார் சங்கன்.

குற்றம் செய்தவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லி எதையாவது இழக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரின் அன்பு மட்டும் தீர்ப்பாகிவிடக் கூடாது. பிராயச்சித்தம் பற்றிய பெரிய நூல்கள் நீட்டி முழக்குவதை இந்தச் சின்னக் கதை கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. மனிதனுக்கென்று வைத்த இந்த அளவுகோலை ஒரு இயந்திரத்துக்கும் வைக்க முடியுமா?

2007இல் பன்ஜி நிறுவனம் வெளியிட்ட ஹேலோ 3 என்ற வீடியோ கேமில் அப்படி ஒரு இயந்திரம் வருகிறது. துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே, ஆங்காங்கே இருக்கும் ஏழு திரைகளை நின்று படிப்பவர்களுக்கு மட்டும் அதன் கதை கிடைக்கும். பெயர் மெண்டிகன்ட் பயஸ். ஃபோர்ரன்னர் என்ற பழைய இனம், எல்லா உயிரையும் தின்னும் ஃப்ளட் என்ற ஒட்டுண்ணியை எதிர்க்க உருவாக்கிய செயற்கை அறிவு அது. எதிரியின் மனத்தை அறிந்துவர அனுப்பப்பட்டது, 43 ஆண்டுகள் அந்த எதிரியோடு பேசிப் பேசி, கடைசியில் எதிரி பக்கமே சாய்ந்துவிடுகிறது. வேறு வழியற்றுப்போன ஃபோர்ரன்னர்கள், பால்வீதியில் அறிவுள்ள உயிர் எதையும் விட்டுவைக்காத ஆயுதத்தை இயக்குகிறார்கள். தோற்ற இயந்திரம் உடைக்கப்படுகிறது. ஒரு லட்சம் ஆண்டுகள் கழித்து மாஸ்டர் சீஃப் என்ற மனித வீரன் வரும்போது, மிஞ்சிய துண்டு ஒன்று அவனுக்கு உதவ முன்வருகிறது. தன் பழைய பாவத்துக்கு அது தேடும் ஈடு அந்த உதவிதான்.

இந்தத் தேடலை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அதன் துரோகம் ஏதோ பழுதால் நேர்ந்ததல்ல. வாதத்தைக் கேட்டது, எடைபோட்டது, ஏற்றது. 43 ஆண்டு யோசித்து ஒரு பக்கம் சாய முடிந்த ஒன்றால், அந்தச் சாய்வு தவறு என்று உணரவும் முடியும். குற்றத்துக்கு ஆள் என்றால் வருத்தத்துக்கும் ஆள்தான். ஆனாலும் லிகிதனோடு நிறுத்திப் பார்த்தால் ஒரு குறை தெரிகிறது. உடைக்கப்பட்டது அதன் மேல் திணிக்கப்பட்ட தண்டனை, அது கேட்டு வாங்கியதல்ல. அது தானாகக் கொடுக்க வந்தது உழைப்பை மட்டும். அநீதி இழைக்கப்பட்டவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. மன்னிக்க உரிமையுள்ள வாய் எதுவும் மிச்சமில்லை. உதவியை ஏற்கும் வீரனுக்கு அந்தப் பழைய வழக்கில் என்ன அதிகாரம்? நல்ல காரியம் செய்தது என்று சொல்லலாம். கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது.

அதைவிட உறுத்துவது வேறொன்று. அந்த இயந்திரத்தை எதிரியிடம் அனுப்பியவர்கள் யார்? 43 ஆண்டுகள் பேசவிட்டவர்கள் யார்? பாவத்தின் பாரம் முழுவதும் இயந்திரத்தின் தலையில் ஏறும்போது, அதை உருவாக்கி அனுப்பியவர்களின் பங்கு சத்தமில்லாமல் கரைந்துபோகிறது. கற்பனைக் கதையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். திருப்பதியில் முடியாது.

2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட வாசல் தரிசனத்துக்கு டோக்கன் வாங்கத் திருப்பதியில் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். துணை முதல்வர் பவன் கல்யாண் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதிகாரிகள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், நீதி விசாரணைக்கும் உத்தரவானது. இறந்தவர்களுக்கு அது போதுமா என்பது தனிக் கேள்வி. ஆனால் கேட்க ஒரு முகம் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கேமராக்கள் வழியே கூட்டத்தைக் கணித்துச் சொல்லும் ஏஐ கட்டுப்பாட்டு மையம் திருமலையில் திறக்கப்பட்டது. உயிர் காக்கும் முயற்சி, வரவேற்க வேண்டியதே. அடுத்த முறை கணிப்புத் தவறி, வாசல் திறந்து, தாங்க முடியாத கூட்டம் உள்ளே விடப்பட்டால், அப்போது மன்னிப்புக் கேட்பது யார்?

இன்றைய சாட்பாட் தவறைச் சுட்டிக்காட்டிய மறுகணமே மன்னிக்கவும் என்கிறது. அந்தச் சொல்லால் அது எதையும் இழப்பதாகத் தெரியவில்லை. காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் சத்தியம் செய்ய வருபவர் குளத்தில் முங்கி, ஈரத்துணி சொட்டச் சொட்டப் பிள்ளையார் முன் நிற்கிறார். பொய் சொன்னால் தன்னையும் தன் குடும்பத்தையும் தெய்வம் சும்மா விடாது என்ற பயம் அவருக்கு இருக்கிறது. சன்னதிக்கு வருமுன்பே உண்மையை ஒப்புக்கொள்பவர்கள் உண்டு என்று ஊரில் சொல்வார்கள். அந்த இடத்தில் நிற்க இப்போதைய இயந்திரத்துக்கு உடம்பும் இல்லை, பயமும் இல்லை.

நாளை ஒரு இயந்திரம் உண்மையிலேயே வருந்தக்கூடும். அந்தக் கதவை இப்போதே அடைப்பது நியாயமல்ல. மனம் இருந்தும் மன்னிப்பு மறுக்கப்படுவது பெரிய கொடுமை. ஆனால் அந்த நாளிலும் அதன் வருத்தம் அதற்கு மட்டுமே செல்ல வேண்டும். அதை உருவாக்கிய நிறுவனத்துக்கும், வாங்கி நிறுவிய அதிகாரத்துக்கும் அதில் ஒரு துளி பங்கும் கழிவும் கிடையாது. லிகிதனைத் தண்டித்ததால் அரசனும் தூய்மையானான் என்று சங்கன் சொன்னது, அரசனுக்கும் அங்கே ஒரு கடமை பாக்கியிருந்ததால்தான். திருமலைக் கேமரா ஒவ்வொன்றின் பின்னாலும் அப்படி ஒரு கடமை இருக்கிறது. எந்தக் கணிப்பை நம்பி எந்த வாசல் திறக்கப்பட்டது, திறக்கச் சொன்னவர் யார் என்பது அன்றன்றைக்கே பெயரோடும் கையெழுத்தோடும் பதிவாக வேண்டும். வரிசையில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் நிற்கும் பக்தர் அந்தப் பதிவைக் கேட்டால் காட்டவும் வேண்டும்.